சிறுநீர்ப்பைக் கழுத்தில் ராப்டோமயோசர்கோமா: மூன்று வயதுச் சிறுவனின் சிகிச்சை, முதல் ஸ்கேனிலிருந்து பராமரிப்பு கீமோ வரை

இங்கே பேசப்படும் சிறுவன் ஒரு தனிக் குழந்தை அல்ல. இந்த நோயில் அடிக்கடி நேரும் திருப்பங்களை ஒரே நோயாளியில் கோத்து, பயிற்சி மருத்துவர்களுக்காகவும் செவிலியர்களுக்காகவும் தொகுத்த மாதிரி நிகழ்வு இது. மருந்தளவுகள் ஐரோப்பியக் கூட்டுக்குழுவின் ஐ.வி.ஏ. (ஐஃபாஸ்ஃபமைடு, வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின்) கீமோ முறையைத் தழுவியவை.

குழந்தைகளுக்கு வரும் மென்திசுப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி ராப்டோமயோசர்கோமாதான். தசையாக முதிர வேண்டிய இளஞ்செல் பாதிவழியில் நின்றுவிட்டுப் பெருகிக்கொண்டே போவது இந்த நோய். எலும்போடு ஒட்டிய தசையே இல்லாத சிறுநீர்ப்பையிலும் பித்தநாளத்திலும்கூட இது முளைக்கும். அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய கூட்டு ஆய்வுகளின் முதல் சுற்றில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 55 விழுக்காடு. 1984-இல் தொடங்கிய மூன்றாம் சுற்றில் 71 விழுக்காடு. முதுகெலும்பாக நின்ற மருந்துகள் அன்றும் இன்றும் ஏறத்தாழ அவையே. கையில் இருக்கும் மருந்தை எந்த வேளையில், எந்த நிலையில் உள்ள சிறுநீரகத்துக்கு, வேறு எந்த மருந்து உடன் இல்லாதபோது கொடுக்கிறோம் என்பதில்தான் இந்தக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். இந்த நிகழ்வில் அது திரும்பத் திரும்பத் தெரியும்.

வந்த நிலை

வயது 3 ஆண்டு 4 மாதம், எடை 14 கிலோ, உயரம் 96 செ.மீ., உடற்பரப்பு 0.61 சதுர மீட்டர். ஏழு வாரமாக முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தான். சொட்டுச் சொட்டாக வந்தது, இரண்டு முறை இரத்தம் கலந்திருந்தது. சிறுநீர்த் தொற்று என்று மூன்று சுற்று ஆன்டிபயாட்டிக் தரப்பட்டது. மூன்று முறையும் கல்ச்சரில் கிருமி வளரவில்லை. கிருமி இல்லாமல் இரத்தமும் அடைப்பும் உள்ள ஒரு சின்னப் பையனுக்கு அடுத்த மருந்துச் சீட்டு வேண்டாம், அன்றே ஒரு அல்ட்ராசவுண்ட் வேண்டும். ஒருநாள் இரவு சிறுநீர் அடியோடு நின்ற பிறகே ஸ்கேன் எடுக்கப்பட்டது. சிறுநீர்ப்பைக் கழுத்திலிருந்து புராஸ்டேட் பகுதிவரை திராட்சைக் கொத்துப் போல உள்ளே பிதுங்கிய கட்டி. இரண்டு பக்கமும் சிறுநீரகம் வீங்கியிருந்தது, இடப்பக்கம் அதிகம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.1. பெரியவர்களுக்கான எல்லைக்குள் இருப்பதால் லேப் தாளில் சிவப்புக்குறி விழவில்லை. இந்த வயதில் 0.2 முதல் 0.4 வரைதான் இயல்பு. உயரத்தை வைத்துக் கணக்கிடும் ஷ்வார்ட்ஸ் வாய்ப்பாட்டில், 0.413-ஐ 96-ஆல் பெருக்கி 1.1-ஆல் வகுத்தால் வடிகட்டுந்திறன் 36. அதாவது சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்தது.

சிறுநீர்க்குழாய் வழியாக மென்மையான கதீட்டர் போடப்பட்டது. அடிவயிற்றில் குத்திச் சிறுநீர்ப்பைக்குக் குழாய் வைப்பது தவிர்க்கப்பட்டது. ஊசி கட்டியைத் துளைத்தால் வரும் வழியெல்லாம் செல்கள் சிந்தக்கூடும். பிறகு அந்தத் தடத்தையும் கதிர்வீச்சுப் பரப்பில் சேர்க்க வேண்டியிருக்கும். உள்ளிருந்து ஸ்டென்ட் ஏற்ற முயன்றதில், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களான யூரீட்டர்களின் வாய்களைக் கட்டி மூடியிருந்ததால் கம்பி ஏறவில்லை. இடச் சிறுநீரகத்துக்கு முதுகு வழியாக நெஃப்ராஸ்டமி என்ற வடிகுழாய் வைத்த மூன்றாம் நாள் கிரியாட்டினின் 0.4, வடிகட்டுந்திறன் 99. இந்த மூன்று நாள் காத்திருப்பு முழுவதும் நியாயமானது. அடைபட்ட சிறுநீரகத்தோடு ஐஃபாஸ்ஃபமைடு கொடுத்தால் குழந்தைக்கு மூளைக் குழப்பமும் சிறுநீரகக் குழல் சேதமும் வரும் வாய்ப்பு கூடும். இடுப்புக்குள் பெரிய கட்டி இருப்பதே குழப்பத்துக்கு ஒரு தனிக் காரணி.

பயாப்ஸி: முதல் தடவை தவறியது ஏன்

சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயான சிஸ்டோஸ்கோப் வழியாக எடுத்த நான்கு துணுக்குகளைப் பார்த்த முதல் அறிக்கை, ‘நீர்கோத்த சவ்வு, அழற்சி, பாலிப் சாத்தியம்’ என்றது. ஸ்கேனில் தெரிந்ததற்கும் இந்த அறிக்கைக்கும் பொருத்தமே இல்லை. திராட்சைக் கொத்து வகையில் மேற்சவ்வுக்கு அடியில்தான் புற்றுச்செல்கள் நெருங்கி ஒரு அடுக்காக நிற்கும். நடுப்பகுதி பெரும்பாலும் வழவழப்பான, செல் குறைந்த பசை. மேலோட்டமாகக் கிள்ளினால் சவ்வும் நீரும்தான் வரும். மின்கம்பி வளையத்தால் வெட்டியிருந்தால் ஓரங்கள் கருகி, கிடைத்ததும் படிக்க முடியாமல் போயிருக்கும். ஸ்கேன் ஒன்று சொல்ல பயாப்ஸி வேறொன்று சொன்னால், சந்தேகம் முதலில் பயாப்ஸி மீது விழ வேண்டும்.

இரண்டாம் முறை மயக்க மருந்து கொடுத்து, பெரினியம் (ஆசனவாய்க்கும் விரைப்பைக்கும் இடைப்பட்ட பகுதி) வழியாக, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி 16 கேஜ் ஊசியால் ஆறு துணுக்குகள் எடுக்கப்பட்டன. மலக்குடல் வழி தவிர்க்கப்பட்டது. அந்தத் தடம் கிருமியும் கட்டிச் செல்லும் கலக்கும் இடம். நான்கு துணுக்குகள் ஃபார்மலினுக்குப் போயின. இரண்டு ஈரமாகவே லேபுக்குப் போய் உறைய வைக்கப்பட்டன. பின்னால் மரபணுச் சோதனை வேண்டும் என்று தோன்றும்போது, அந்த இரண்டு துணுக்கு இல்லாமல் குழந்தையை மறுபடி மயக்கத்துக்குக் கொண்டுபோக நேர்வதை நினைத்தால், முதல் நாளே ஒதுக்கி வைப்பதன் அருமை புரியும்.

முடிவு: எம்பிரியோனல் வகை ராப்டோமயோசர்கோமா. தசைப் புரதங்களில் டெஸ்மின் பரவலாக, மயோஜெனின் அங்கங்கே. மரபணு உடைந்து இடம் மாறியதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனையில் ஃபாக்ஸ்ஓ1 மரபணு உடையவில்லை. இந்தக் கடைசி வரிதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் குரோமோசோமும் பதின்மூன்றாம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டு உருவாகும் பாக்ஸ்3–ஃபாக்ஸ்ஓ1 இணைவு, அல்லது முதல் குரோமோசோமோடு உருவாகும் பாக்ஸ்7–ஃபாக்ஸ்ஓ1 இணைவு இருந்தால் நோய் வேறு வேகத்தில் போகும். நுண்ணோக்கியில் ஆல்வியோலார் என்ற இன்னொரு வகையாகத் தெரிந்தும் இணைவு இல்லாத கட்டிகள் எம்பிரியோனல் போலவே நடந்துகொள்கின்றன என்பது 2010 முதல் தெளிவானது. அதனால் இன்றைய பெரிய ஆய்வுகள் குழந்தையை இணைவு உண்டா இல்லையா என்று பார்த்தே பிரிக்கின்றன. இணைவு இல்லாதவர்களிலும் மயோடி1 அல்லது டிபி53 மரபணுவில் பிறழ்வு இருந்தால் விளைவு மோசம். இந்தச் சிறுவனிடம் இரண்டும் இல்லை.

செல்கள் விகாரமாகப் பெருத்திருக்கும் அனாப்ளேசியாவும் இல்லை. இருந்திருந்தால், இவ்வளவு சிறு வயதில் பரம்பரை டிபி53 சோதனை கட்டாயம். தோலில் காபி நிறத் திட்டுகளைத் தேடி உடல் முழுக்கப் பார்க்கப்பட்டது; அவற்றை அடையாளமாகக் கொண்ட மரபணு நோயான முதல் வகை நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ள குழந்தைகளிடம் சிறுநீர்ப்பை ராப்டோமயோசர்கோமா வருவது தெரிந்த சங்கதி. ஒரு வயதுக்குள்ளான குழந்தையாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. கட்டி இன்ஃபன்டைல் ஃபைப்ரோசர்கோமாவாக இருந்து, ஈடிவி6–என்டிஆர்கே3 இணைவு தெரிந்தால், 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாரோட்ரெக்டினிப் என்ற வாய்வழி மருந்து முழுச் சிகிச்சைத் திட்டத்தையே மாற்றிவிடும்.

நிலை நிர்ணயம்

எம்.ஆர்.ஐ.-யில் கட்டி 6.2 × 5.0 × 4.6 செ.மீ. மூன்றையும் பெருக்கி 0.523-ஆல் பெருக்கினால் கன அளவு 75 மி.லி. நெஞ்சு சி.டி., பெட் ஸ்கேன், இரு பக்க எலும்பு மஜ்ஜை எல்லாம் சுத்தம். நிணநீர் முடிச்சுகளில் இல்லை. சாதகமற்ற இடம், 5 செ.மீ.-க்கு மேல், எனவே ஸ்டேஜ் 3. அறுவை செய்யாமல் கட்டி முழுதாக இருப்பதால் குரூப் 3. ஐரோப்பியப் பகுப்பில் உயர் ஆபத்துப் பிரிவு. கட்டியின் அளவு இரண்டு செ.மீ. குறைவாக இருந்திருந்தால் பிரிவே மாறியிருக்கும். ஆகவே அளவு எடுப்பவர் மூன்று திசையிலும், பிதுங்கிய கொத்தையும் சேர்த்து அளப்பது முக்கியம்.

கீமோ: மூன்று மருந்து, எண்ணற்ற கண்ணிகள்

21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் ஒன்பது. ஐஃபாஸ்ஃபமைடு சதுர மீட்டருக்கு 3 கிராம் வீதம் இரண்டு நாள். இவனுக்கு நாளொன்றுக்கு 1.83 கிராம். வின்கிரிஸ்டின் 1.5 மி.கி. வீதம், இவனுக்கு 0.92 மி.கி.; முதல் ஏழு வாரம் வாரந்தோறும், பிறகு சுற்றின் முதல் நாள் மட்டும். ஆக்டினோமைசின் 1.5 மி.கி. வீதம், அதுவும் 0.92 மி.கி., முதல் நாள். வின்கிரிஸ்டினும் ஆக்டினோமைசினும் எந்தக் குழந்தைக்கும் ஒரு வேளைக்கு 2 மி.கி.-யைத் தாண்டக்கூடாது.

வின்கிரிஸ்டின் சிரிஞ்சில் வரக்கூடாது, சிறு பையில் கலந்து சொட்டாகவே வர வேண்டும். இது வழக்கத்துக்கான விதி அல்ல. சிரிஞ்சில் நிற்கும் மருந்து தவறிப்போய் முதுகுத் தண்டுவடத்தில் ஏறினால் குழந்தை பிழைப்பது அரிது. பையைக் கண்டால் அந்தத் தவறு கை வராது.

ஐஃபாஸ்ஃபமைடு உடைந்து உருவாகும் அக்ரோலீன் சிறுநீர்ப்பைச் சவ்வை அரிக்கும். அதற்கு மெஸ்னா, ஐஃபாஸ்ஃபமைடுக்குச் சமமான அளவில், மருந்து முடிந்த பிறகும் 12 மணி நேரம்; கூடவே சதுர மீட்டருக்கு 2 முதல் 3 லிட்டர் திரவம். சாதாரணமாக ஒவ்வொரு சிறுநீரையும் டிப்ஸ்டிக்கில் தொட்டு இரத்தம் பார்ப்போம். இவனுக்குக் கட்டியிலிருந்தே இரத்தம் வந்துகொண்டிருந்ததால் அந்தக் குச்சி எதையும் சொல்லாது. எனவே முதல் இரண்டு சுற்றுக்கு மெஸ்னாவை 24 மணி நேரம் நீட்டித்து, சிறுநீரில் இரத்தம் உறைந்து வருகிறதா என்று பாட்டிலில் பிடித்துக் கண்ணால் பார்க்கும் முறை கடைப்பிடிக்கப்பட்டது. முதல் சுற்றுக்கு முன்பே ஜி6பிடி சோதனை: ஐஃபாஸ்ஃபமைடு மூளைக் குழப்பத்துக்குத் தரும் மெத்திலீன் புளூ, அந்த நொதி குறைந்த குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழப்பம் வந்த இரவில் சோதனைக்கு அனுப்பிக் காத்திருக்க முடியாது.

ஆக்டினோமைசினின் ஆபத்து கல்லீரல். உள் நுண்குழல்கள் அடைபட்டு, வலியோடு கல்லீரல் பெருத்து, எடை ஏறி, ஏற்றிய பிளேட்லெட்டெல்லாம் காணாமல் போகும். மூன்று வயதுக்குக் கீழே இது அதிகம். பிளேட்லெட் ஏற்றியும் ஏறவில்லை என்றால் காலை எடையைப் பார்க்க வேண்டும். 5 விழுக்காடு கூடியிருந்தால் பிலிருபின் உயரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இவனுக்கு அது வரவில்லை. வந்தது வேறொன்று.

ஐந்தாம், ஆறாம் வாரம்

இரண்டாம் சுற்று 22-ஆம் நாள் தொடங்கியது. 31-ஆம் நாள் காய்ச்சல், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் வெறும் 80. நான்கு நாள் ஆன்டிபயாட்டிக்குக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. நெஞ்சு சி.டி.-யில் இரண்டு சிறு முடிச்சுகள்; முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்ததாலும் வந்த வேகத்தாலும் பூஞ்சைத் தொற்றாகக் கருதப்பட்டு, 35-ஆம் நாள் வொரிகோனசோல் தொடங்கியது. மறுநாள், வார வின்கிரிஸ்டின் நாள். அதுவும் கொடுக்கப்பட்டது.

39-ஆம் நாள் தாடை வலிக்கிறது என்று அழுது சோற்றை மறுத்தான். கண்ணிமை தொங்கியது. வயிறு உப்பி மூன்று நாளாக மலம் இல்லை. 40-ஆம் நாள் விடியலில் வலிப்பு, இரத்தச் சோடியம் 121 வரை சரிந்திருந்தது.

வின்கிரிஸ்டினைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி3ஏ4 என்ற நொதி. வொரிகோனசோல், இட்ரகோனசோல், போசகோனசோல் ஆகிய அசோல் வகைப் பூஞ்சை மருந்துகள் மூன்றும் அதை முடக்கும். 0.92 மி.கி. ஏற்றினாலும் உடம்பு அதைவிடப் பெரிய அளவை வாங்கியதுபோல் தவிக்கும்: நரம்பு தளரும், குடல் நிற்கும், நீரை வெளியேற்றும் கட்டுப்பாடு குலைந்து சோடியம் சரியும். இங்கே அறிவுக் குறைவு யாருக்கும் இல்லை. கீமோ அட்டவணை ஒரு கோப்பிலும் வார்டு மருந்துகள் இன்னொரு கோப்பிலும் இருந்தன. இரண்டையும் ஒரே மேசையில் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட பாதிப்பு ஒரு குழந்தைக்கும் நேரக்கூடாது. தடுக்க ஆகும் செலவு ஒரு ரப்பர் முத்திரைதான்: வின்கிரிஸ்டின் ஓடும் காலம் முழுக்கக் கோப்பின் முகப்பில் ‘அசோல் கூடாது’.

சிகிச்சை: 3 விழுக்காடு உப்புநீர் கிலோவுக்கு 3 மி.லி., அதாவது 42 மி.லி., இருபது நிமிடத்தில், வலிப்பு நின்றது. பிறகு திரவக் கட்டுப்பாடு, 24 மணி நேரத்தில் சோடியம் 8-க்கு மேல் ஏறாமல் நான்கு மணிக்கு ஒருமுறை சோதனை. வொரிகோனசோல் நிறுத்தப்பட்டு, அசோல் அல்லாத பூஞ்சை மருந்தான கேஸ்போஃபங்கின் தொடங்கியது. லைபோசோமல் ஆம்ஃபோடெரிசினும் பூஞ்சைக்கு வலிய மருந்துதான். ஆனால் ஐஃபாஸ்ஃபமைடு வாங்கும் சிறுநீரகத்திலிருந்து அது பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் மேலும் ஒழுகவிடும் என்பதால் இரண்டாம் தெரிவாக வைக்கப்பட்டது. மூன்றாம் சுற்று ஒரு வாரம் தள்ளி, வின்கிரிஸ்டின் இல்லாமல் தொடங்கியது. நான்காம் சுற்றில் பாதி அளவு, ஐந்தில் முழு அளவு. நுரையீரல் முடிச்சுகள் கரைந்தன.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

மூன்று சுற்றுக்குப் பிறகு 3.6 × 3.0 × 2.8 செ.மீ., 16 மி.லி. கன அளவில் 79 விழுக்காடு குறைவு. மூன்றில் இரண்டுக்கு மேல் குறைந்ததால் அதே மருந்துகள் தொடர்ந்தன. மிச்சம் தெரிகிறதே என்று மருந்தை மாற்றும் அவசரம் கூடாது. இந்தக் கட்டத்தில் படத்தில் தெரியும் சுருக்கம் குழந்தை பிழைப்பதை நம்பகமாக முன்னறிவிப்பதில்லை என்று பின்னாளைய பகுப்பாய்வுகள் காட்டின. கட்டி வளர்ந்தால் மட்டும் கதை வேறு.

இருக்கும் இடத்துக்கான சிகிச்சை

கீமோவால் எவ்வளவு சுருங்கினாலும் குரூப் 3 நோய்க்கு அறுவையோ கதிரோ இரண்டுமோ வேண்டும். கதிர்வீச்சைத் தவிர்த்துக் குழந்தைகளின் வளர்ச்சியைக் காக்கலாம் என்று ஐரோப்பாவின் எம்.எம்.டி. ஆய்வுகள் 1980-களிலும் 90-களிலும் உண்மையான அக்கறையோடு முயன்றன. சில குழந்தைகளுக்கு அது பலித்தது. அதே இடத்தில் நோய் திரும்பியவர்கள் எண்ணிக்கை அமெரிக்க ஆய்வுகளைவிடக் கூடுதலாக இருந்தது. திரும்பிய பிறகு கொடுத்த சிகிச்சை முதலில் தவிர்த்ததைவிடக் கொடியது.

சிறுநீர்ப்பை, புராஸ்டேட் முழுவதையும் எடுத்துவிட்டுக் குடல் வழியாகச் சிறுநீரைத் திருப்புவது ஒரு வழி. வெளியிலிருந்து 1.8 கிரே வீதம் 28 நாளில் 50.4 கிரே (கிரே என்பது கதிரின் அளவலகு) தருவது இன்னொன்று. மூன்று வயதில் இடுப்பெலும்பு, தொடையெலும்புத் தலை, மலக்குடல் எல்லாம் பங்கு வாங்கும். மூன்றாவது, சிறுநீர்ப்பையை விட்டுவைத்து மிச்சக் கட்டியைச் சீவி எடுத்து, உள்ளேயே குழாய் பொருத்திக் கதிர் தரும் பிரேக்கிதெரபி. பாரிஸின் குஸ்தாவ் ரூசி புற்றுநோய் நிலையம் இதை வளர்த்தெடுத்தது. கட்டி கழுத்தையும் புராஸ்டேட்டையும் தாண்டி சிறுநீர்ப்பைக் கூரைவரை பரவியிருந்தால் குழாய்கள் எட்டாது. குழந்தையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வெற்றி. செய்யும் மையங்கள் சொற்பம் என்பதால், மூன்றாம் சுற்றுப் படம் கைக்கு வந்த அன்றே படங்களை அங்கு அனுப்ப வேண்டும். ஐந்தாம் சுற்றில் கடிதம் எழுதினால் காலம் கடந்திருக்கும்.

இவனுக்கு நான்காம் சுற்று முடிந்ததும் அறுவை. மிச்சம் சீவப்பட்டது, இட யூரீட்டர் இடம் மாற்றிப் பொருத்தப்பட்டது, கழுத்தைச் சுற்றி இரண்டு வளையமாக நெகிழ்குழாய்கள் செருகப்பட்டன. எம்.ஆர்.ஐ.-யையும் சி.டி.-யையும் பொருத்திக் கணக்கிட்டு 60 கிரே: மணிக்கு ஒருமுறை சுமார் 0.4 கிரே வீதம், ஆறு நாளுக்குச் சற்று மேல். அந்நாட்கள் முழுக்க வலிநிவாரணிச் சொட்டு, அசையாமலிருக்க இலேசான மயக்கம், கதீட்டர். கதிரோடு சேர்ந்தால் திசுவை வேகவைக்கும் ஆக்டினோமைசின், அதை ஒட்டிய சுற்றில் நிறுத்தி வைக்கப்பட்டது.

சீவிய திசுவில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, வரிகளோடு கூடிய முதிர்ந்த ராப்டோமயோபிளாஸ்டுகள், அதாவது தசையாக முதிர்ந்த கட்டிச் செல்கள். பிரியும் செல் ஒன்றும் இல்லை. இதைக் கண்டு ‘நோய் மீதம்’ என்று எழுதிவிட்டால் ஒரு குழந்தை சிறுநீர்ப்பையை இழக்கக்கூடும். கீமோவுக்குப் பிறகு முதிர்ந்து ஓய்ந்த செல்கள் ஆண்டுக்கணக்கில் தங்கலாம். அவற்றின் இருப்பு மட்டுமே நோய் திரும்பியதற்குச் சான்றாகாது. திரும்பிப் பார்க்கும் பயாப்ஸியை இந்தக் கட்டிகளை அடிக்கடி பார்க்கும் நோய்க்கூறு நிபுணரிடம் காட்டுவது பயனுள்ள தாமதம்.

பராமரிப்பு கீமோவும் அதற்குப் பின்னுள்ள ஆய்வும்

ஒன்பது சுற்று முடிந்தபோது நோய்க்குறி இல்லை. அங்கேயே நிறுத்துவதுதான் நெடுநாள் வழக்கம். ஐரோப்பியக் கூட்டுக்குழு 2006-இல் தொடங்கிய ஆய்வில் உயர் ஆபத்துள்ள 371 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிகிச்சையை நிறுத்தியது, மறுபாதிக்கு ஆறு மாதம் குறைந்த அளவு வினோரெல்பினும் வாய்வழி சைக்ளோபாஸ்ஃபமைடும் கொடுத்தது. 2019-இல் வெளிவந்த முடிவு: ஐந்தாண்டு உயிர்வாழ்வு 73.7-இலிருந்து 86.5 விழுக்காடு. நோயற்ற வாழ்வில் 69.8-க்கும் 77.6-க்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. அதைச் சுட்டிக்காட்டித் தயங்குவோர் உண்டு. எங்கள் தீர்ப்பு, உயிர்வாழ்வில் 13 புள்ளி வேறுபாட்டை ஒரு குழந்தைக்கு மறுக்க இயலாது.

அதே ஆய்வுத்திட்டத்தில் டாக்சோரூபிசினைச் சேர்த்துப் பார்த்த கேள்வி பலன் தரவில்லை: மூன்றாண்டில் நோய் திரும்பாமை சேர்த்தவர்களில் 67.5 விழுக்காடு, சேர்க்காதவர்களில் 63.3, அதற்கு விலை கூடுதல் நச்சு. டெம்சிரோலிமஸின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. நோய் திரும்பிய குழந்தைகளில் பெவாசிசுமாபைவிட அது மேலாக இருந்தது. அந்த நம்பிக்கையில் முதல் சிகிச்சையிலேயே சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், சேர்த்தவர்களும் சேர்க்காதவர்களும் ஒரே கோட்டில் நின்றார்கள். இப்போது ஃபார்-ஆர்எம்எஸ் என்ற பன்னாட்டு ஆய்வு, பராமரிப்பை ஆறு மாதத்துக்கு மேல் நீட்டினால் பலன் உண்டா என்றும், கதிரை அறுவைக்கு முன் தருவதா பின் தருவதா என்றும் கேட்கிறது.

இந்நேரம் எடை 15.2 கிலோ, உடற்பரப்பு 0.65. வினோரெல்பின் சதுர மீட்டருக்கு 25 மி.கி. வீதம் 16 மி.கி., 28 நாள் சுற்றில் 1, 8, 15-ஆம் நாட்களில், மையச் சிரைக் குழாய் வழியாக மட்டும். வெளியே கசிந்தால் தோலை அழிக்கும். சைக்ளோபாஸ்ஃபமைடும் தினம் 25 மி.கி. வீதம்தான், அதாவது 16 மி.கி. மாத்திரை 50 மி.கி., பூச்சுள்ளது, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பொடிப்பவர் கையும் மூக்கும் மருந்தை வாங்கும். மூன்று நாளுக்கு ஒரு முழு மாத்திரை கொடுத்தால் நாள் சராசரி 16.7 மி.கி. வருகிறது. காலையில் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, படுக்கும் முன் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொடுக்கும் வழக்கம் இல்லாவிட்டால் வீட்டில் தினமும் கொடுத்துவிடும் தவறு நேரும். அது மூன்று மடங்கு அளவு. நியூட்ரோஃபில் 1000-க்குக் கீழே போனபோதெல்லாம் இரண்டு மருந்தும் நிறுத்தப்பட்டன. ஆறு சுற்று முடிய ஏழு மாதம் ஆனது. அசோல் முத்திரை கோப்பின் மேலேயே இருந்தது, வினோரெல்பினும் அதே நொதியை நம்பியிருக்கும் மருந்து.

தொடர் கவனிப்பு

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள். எம்.ஆர்.ஐ.-யும் நெஞ்சுப் படமும் முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு. சிகிச்சை முடிந்து 30 மாதத்தில் நோய் இல்லை. பகலில் சிறுநீர் கசிவதில்லை. இரவில் சில நாள் படுக்கை நனைகிறது. சிறுநீர்ப்பைக் கொள்ளளவு வயதுக்குரியதைவிடக் குறைவு என்று யூரோடைனமிக் சோதனை காட்டியது, மருந்து தேவைப்படவில்லை.

மொத்த ஐஃபாஸ்ஃபமைடு சதுர மீட்டருக்கு 54 கிராம். 60-ஐத் தாண்டும்போது குழல் சேதம் தெளிவாகக் கூடும். தாண்டாவிட்டாலும் அடைப்பிலிருந்து மீண்ட சிறுநீரகம் தாங்கும் அளவு குறைவு. கிரியாட்டினின் இன்றும் இயல்பு. ஆனால் இரத்தப் பாஸ்பேட் குறைந்து, இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தெரிகிறது. வாய்வழி பாஸ்பேட் நாளில் நான்கு வேளையாகப் பிரித்துத் தரப்படுகிறது. ஒரே வேளையில் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் வெளியேறிவிடும். உயர அட்டவணையில் கோடு மீண்டும் ஏறத் தொடங்கியது இந்த மருந்துக்குப் பிறகுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்பேட், பைகார்பனேட், உயரம், இரத்த அழுத்தம். பருவ வயதில் விரை வளர்ச்சியும் ஹார்மோன் அளவுகளும் கோப்பின் அடுத்த பக்கத்தில் இப்போதே குறித்து வைக்கப்பட்டுள்ளன.